வேலை பழகுவதற்கும் கைக்காசா?

செமஸ்டர் தேர்வு முடிவதற்கு முன்பே பி.ஆர்க். மாணவர்களின் கைபேசிகளில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். சென்னை, பெங்களூரு, புதுச்சேரி, அகமதாபாத், மும்பை என்று ஊர்வாரியாக ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களின் மின்னஞ்சல் முகவரிகள். எப்போதோ படித்து முடித்துப் போன சீனியர் ஒருவர் தொகுத்தது. பாதி முகவரிகள் இப்போது செல்லாது. எல்லா முகவரிக்கும் ஒரே கடிதம், ஒரே போர்ட்ஃபோலியோ போகும். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வராது. வருகிற ஒன்றிரண்டில், வரலாம், ஆனால் சம்பளம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். சில அலுவலகங்கள் அந்த வரியைக்கூட எழுதுவதில்லை. முதல் மாதம் முடிந்து, பணம் எப்போது வரும் என்று தயங்கித் தயங்கிக் கேட்கும்போதுதான் விஷயம் தெரியும்.

ஐந்து ஆண்டுப் படிப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கப் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் பயிற்சி பெற வேண்டும் என்பது கட்டாயம். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட் சட்டப்படி அமைந்த கவுன்சிலின் விதி அது. அந்தப் பயிற்சிக்குக் கல்லூரி கடிதம் கொடுக்கும், கையெழுத்து கேட்கும், மதிப்பெண் போடும். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ கோடை விடுமுறையில் மாணவர் தாமாகத் தேடிப் போகும் ஆறு வார, எட்டு வார வேலை அப்படியல்ல. யாரும் போகச் சொல்லவில்லை. அதனால் அங்கே என்ன நடந்தாலும் கேட்க நாதியில்லை.

தேனிப் பக்கம் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கடை. சென்னையில் பெயர் பெற்ற அலுவலகம் ஒன்று அவளை வரச் சொல்லிவிட்டது. மகளிர் விடுதி, சாப்பாடு, பேருந்து, கைச்செலவு எல்லாம் சேர்த்து மாதம் பத்தாயிரம் என்று சுருக்கிப் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு இருபதாயிரம். மடிக்கணினியும் அவளுடையதாகவே இருக்க வேண்டும். அதுவும் முப்பரிமாணப் படம் ஓட்டும்போது மூச்சு வாங்காத மடிக்கணினி. அதே வகுப்பில் படிக்கும் இன்னொருவனுக்கு மாம்பலத்தில் சித்தப்பா வீடு. காலையில் சித்தி கட்டிக்கொடுக்கும் டிபன் டப்பாவோடு அவன் அலுவலகம் போய்விடுவான். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே வாய்ப்பு என்றுதான் கல்லூரியில் பேசிக்கொள்வார்கள். விலை ஒன்றல்ல. அடுத்த ஆண்டு அந்த அலுவலகத்தின் பெயர் யாருடைய போர்ட்ஃபோலியோவில் இருக்கும் என்பதை முடிவு செய்வது திறமை அல்ல, மாம்பலத்துச் சித்தப்பாதான்.

இதைக் கேட்டால் மூத்த ஆர்க்கிடெக்டுகள் பாலகிருஷ்ண தோஷியின் கதையைச் சொல்வார்கள். நல்ல கதைதான். 1951-இல் லண்டன் பக்கம் நடந்த நவீனக் கட்டடக்கலை மாநாடு ஒன்றில், சண்டிகர் என்றொரு புது நகரத்தைப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே வடிவமைக்கிறார் என்று இளைஞர் தோஷிக்குத் தெரிய வருகிறது. கைப்பட எழுதி விண்ணப்பிக்கிறார். பாரிஸுக்கு வரலாம், ஆனால் எட்டு மாதம் சம்பளம் இல்லை என்கிறார்கள். பிரெஞ்சு தெரியாமல், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் காயுமாகத் தின்று எட்டு மாதத்தை ஓட்டுகிறார். பிறகு சம்பளம் வந்தது. கொர்பூசியேயின் அகமதாபாத் கட்டடங்களைக் கவனிக்கும் பொறுப்பும் வந்தது. 1962-இல் அந்த நகரத்திலேயே கட்டடக்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 2018-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற அலுவலகத்தில் சண்டிகர் நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அண்ணா நகரில் மூன்று மாடி அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கழிப்பறை டைல்ஸ் எப்படி ஒட்டுவது என்று படம் போடும் வேலைக்குத் தோஷியைத் துணைக்கு இழுப்பது கொஞ்சம் அதிகம். பட்டினி கிடந்து ஜெயித்த ஒருவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்த எட்டு மாதத்தைத் தாங்க முடியாமல் திரும்பிப் போனவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பழக வந்தவரிடமே காசு வாங்குவதும் இந்தத் தொழிலில் புதிதல்ல. அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாய்டு ரைட் 1932-இல் தம் வீட்டிலேயே டாலியசின் என்ற குருகுலத்தைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் அதற்குக் கட்டணம் கட்டினார்கள். கட்டிவிட்டு வயலில் வேலை செய்தார்கள், சமைத்தார்கள், பாத்திரம் கழுவினார்கள், கட்டடம் பழுது பார்த்தார்கள், நடுவே வரைபடமும் போட்டார்கள். ரைட்டுக்கு அப்போது வேலை வறட்சி. நாடே பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் கிடந்தது. அங்கிருந்து நல்ல கலைஞர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை, அந்த ஏற்பாடு ரைட்டின் குடும்பத்தையும் பண்ணையையும் தாங்கிப் பிடித்தது என்பதும் உண்மை.

காலம் மாறியதற்கு அடையாளம் 2019-இல் லண்டனில் தெரிந்தது. கென்சிங்டன் பூங்காவில் செர்பன்டைன் கலைக்கூடம் ஆண்டுதோறும் ஒரு ஆர்க்கிடெக்டை அழைத்துக் கோடைக்காலப் பந்தல் கட்ட வைக்கும். அந்த ஆண்டு அழைக்கப்பட்டவர் ஜப்பானின் ஜுன்யா இஷிகாமி. அவருடைய அலுவலகத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்த மாணவர் ஒருவருக்குப் போன பதில் பத்திரிகையில் வெளியானது. சம்பளம் இல்லை, காலை பதினொன்றிலிருந்து நள்ளிரவு வரை வேலை, வாரம் ஆறு நாள், கணினியும் மென்பொருளும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். கண்டனம் கிளம்பியது. பந்தல் வேலையில் ஈடுபடும் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று கலைக்கூடம் சொல்லிவிட்டது. அந்தச் சூட்டோடு, 2016-இல் பிரிட்ஸ்கர் வாங்கிய சிலி நாட்டு அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமென்டல் அலுவலகமும் தன் சம்பளமில்லாப் பயிற்சித் திட்டத்தை மூடியது. மூடியதால் என்ன லாபம், வாய்ப்பு போனதுதான் மிச்சம் என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிட்டனில் பட்டயம் பெற்ற அலுவலகங்கள் மாணவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியாவது தர வேண்டும் என்று அந்நாட்டு ஆர்க்கிடெக்ட் சங்கமான ரிபா 2011-இலேயே விதி செய்திருந்தது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். பக்கத்துத் தெரு ஆடிட்டர் அலுவலகத்தை எட்டிப் பார்த்தால் போதும். சி.ஏ. படிக்கும் மாணவர் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும்போது மாதம் இவ்வளவுக்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டும் என்று ஐ.சி.ஏ.ஐ. வகுத்திருக்கிறது, ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துத் தொகை கூடும் குறையும். தொகை பெரியதல்ல, ஆடிட்டர் மாணவர்களைக் கேட்டால் அவர்களிடமும் நீளமான புகார்ப் பட்டியல் இருக்கிறது. ஆனாலும் கேட்க ஓர் எண் இருக்கிறது. மத்திய அரசு 2024-இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில்கூட மாதம் 5,000 ரூபாய் வைத்தார்கள். அது நாட்டின் பெரிய 500 நிறுவனங்களுக்கான திட்டம், அறிவித்தபோது முழுநேரப் படிப்பில் இருந்தவர்கள் சேரவும் முடியாது. ஆகவே ஐந்து பேர் உட்கார்ந்து படம் போடும் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும், பழக வருபவருக்கும் வயிறு உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

அலுவலகங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் மெனக்கெட வேண்டும். அவர் போட்ட படத்தைத் திருத்துவதைவிட நாமே போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆறு வாரத்தில் கை பழகும்போது கல்லூரி திறந்துவிடும். வீட்டுக்காரர்களிடம் கட்டணம் வசூலிக்கவே மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும் சின்ன அலுவலகத்துக்கு இது பாரம்தான். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பயணப்படியும் மதியச் சாப்பாடும் மட்டும் தருகிற அலுவலகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடிக்கையாளரிடம் காட்டவேண்டிய முப்பரிமாணப் படங்களையும் மாதிரிகளையும் இரவு பதினொன்று வரை மாணவர்களை வைத்துச் செய்து, அதற்குக் கட்டணமும் வாங்கிவிட்டு, பழக வந்தவர்கள்தானே என்று சொல்கிற அலுவலகத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. பில் போடுகிற வேலைக்குக் கூலி உண்டு. இதில் தத்துவம் எதுவும் இல்லை.

பெயர் பெற்ற அலுவலகம் என்ற மயக்கம் தனி விஷயம். பெரிய இடத்தில் கோடைக்கால மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெரிய கட்டடத்தின் சின்ன மூலை. மெட்டீரியல் அலமாரியை அடுக்குவது, மாதிரிக்கு அட்டை வெட்டுவது, கதவு ஜன்னல் அட்டவணை தயாரிப்பது. கதவு ஜன்னல் அட்டவணையை மாணவர்கள் தண்டனை போல நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு கட்டடத்தை முழுதாகப் படிக்க அதைவிட நல்ல வழி இல்லை, ஒவ்வொரு சுவரையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். அங்கே கிடைக்காதது சைட். கட்டட வேலை நடக்கும் இடம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அல்லது வேறு மாநிலத்தில். கட்டடம் எழும்புவதைக் கண்ணால் பார்க்காமலே இரண்டு மாதம் ஓடிவிடும்.

சைட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு படிக்கட்டு போதும். தேனி மாணவி சென்னைக்குப் போகாமல் சொந்த ஊரிலேயே ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று கதையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அவள்தான் படம் போட்டாள். ஒவ்வொரு படியும் ஆறு அங்குல உயரம், எல்லாம் சமம். கல்லூரியில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. சென்ட்ரிங் அடிக்க வந்த மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிறார். "இன்ஜினியரம்மா, இப்படியே ஊத்திட்டா கீழ்ப்படி இடறும், மேல்படி முட்டும்." ஆர்க்கிடெக்சர் படிப்பவரை இன்ஜினியர் என்று கூப்பிட்டால் கோபம் வரும் வயது அவளுக்கு. அதை விழுங்கிக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். கீழே தரையில் கலவையும் டைல்ஸுமாக மூன்று அங்குலம் ஏறும். படியின் மேல் கிரானைட்டும் கலவையும் சேர்த்து ஏறுவது ஒன்றரை அங்குலம்தான். அப்படியானால் வேலை முடிந்த பிறகு முதல் படி நாலரை அங்குலமாகக் குறுகிவிடும். மாடித் தரையும் மூன்று அங்குலம் ஏறுவதால் கடைசிப் படி ஏழரையாக உயர்ந்துவிடும். நடுவில் உள்ளவை மட்டும் ஆறு. காலுக்குப் பழகிய அளவு திடீரென்று மாறும் இடத்தில்தான் மனிதர்கள் விழுகிறார்கள். ஆகவே கான்கிரீட் போடும்போதே முதல் படியை ஏழரையாகவும் கடைசிப் படியை நாலரையாகவும் வைக்க வேண்டும். பூச்சுக்கு முன் பார்த்தால் தவறாகத் தெரியும் படிக்கட்டுதான் பூச்சுக்குப் பின் சரியாக இருக்கும். படத்தில் அவள் கட்டடத்தின் எலும்பை வரைந்திருந்தாள், மேஸ்திரி தோலோடு சேர்த்துப் பார்த்தார்.

கோடை என்பதிலும் ஒரு வசதி இருக்கிறது. மே மாதம் முதல் வாரம் பிறக்கும் கத்திரி வெயில் அந்த மாதக் கடைசி வரை காய்கிறது. கான்கிரீட்டுக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. கலவை கையிலேயே இறுகும் என்பதால் விடியற்காலையிலேயே தளம் போட ஆரம்பிப்பார்கள். மறுநாள் தளத்தின் மேல் கலவையால் பாத்தி கட்டி நீர் தேக்குவார்கள், தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுவார்கள். வறண்ட வெயில் காலத்தில் பத்து நாளுக்குக் குறையாமல் நீராற்ற வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி 456. புத்தகத்தில் அது ஒரு வரி. சைட்டில் அது தண்ணீர் லாரி, லாரிக்கு யார் காசு கொடுப்பது என்ற தகராறு, மூன்றாம் நாள் காய்ந்து கிடக்கும் சாக்கு. அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாட்ச்மேனைத் தேடிப் போகிற மாணவர், நீராற்றல் என்றால் என்னவென்று பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. ட்யூப் லெவலில் நீர்மட்டம் பிடிப்பதும், தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் நேர் பார்ப்பதும், வார்க்கும் முன் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்தார்களா என்று குனிந்து பார்ப்பதும் இப்படித்தான் கைக்கு வருகின்றன.

சைட்டைப் புகழும்போது மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. மாணவிகளுக்கு அங்கே கழிப்பறை இருப்பதில்லை. சித்தாள் பெண்களுக்கும் இருப்பதில்லை. அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. காலையில் தண்ணீர் குடிக்காமல் கத்திரி வெயிலில் நின்றுவிட்டு மதியம் அலுவலகத்துக்கு ஓடிவரும் மாணவிகள் பலர். சைட்டுக்கு அனுப்பும் அலுவலகம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஹெல்மெட் இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடக் கூடாது.

சொந்த ஊர் அலுவலகம் என்றால் சின்ன வாய்ப்பு என்று அர்த்தமில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் அலுவலகத்தில் மூன்றாவதாகச் சேர்பவருக்கு எல்லாம் காதில் விழும். வீட்டுக்காரர் வாஸ்து பார்க்கச் சொல்லி அடுக்களையை இடம் மாற்றக் கேட்பதும், பட்ஜெட் கையை மீறும்போது எதை வெட்டுவது என்று ஆர்க்கிடெக்ட் விழிப்பதும், நகராட்சி அனுமதிக்குப் படம் திரும்பி வருவதும் பக்கத்து நாற்காலியில் நடக்கும். பெரிய அலுவலகத்தில் இதெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சு. வீட்டுச் சாப்பாடு, விடுதி வாடகை மிச்சம் என்பது தனி.

இலங்கையின் ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா 1951-இல் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது முப்பது வயதைத் தாண்டிய வழக்கறிஞர். தோட்ட வீடு ஒன்றை வாங்கி, அதைத் தம் விருப்பப்படி மாற்ற முயன்று, தனக்குக் கட்டத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தவர். முதலில் அலுவலகத்தில் கை வைத்தார். அப்புறம்தான் எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்; தகுதி பெற்றபோது வயது 38. மதுரைக்காரர்கள் அவருடைய வேலையைப் பார்க்கக் கொழும்பு வரை போகவேண்டியதில்லை. கோச்சடையில் இன்று ஹெரிடேஜ் மதுரை என்ற தங்கும் விடுதியாக இருக்கும் பழைய கிளப் கட்டடம் அவர் வடிவமைத்ததுதான். பாவாவுக்குப் பணப் பிரச்சினை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அலுவலகம் முதலில், பாடம் பிறகு என்ற அவருடைய வரிசை, இரண்டாம் ஆண்டுக் கோடையில் வேலை தேடும் மாணவருக்குத் தெம்பு தரக்கூடியது.

தேடுகிற விதத்தைப் பற்றியும் கொஞ்சம். ஏப்ரலில் எழுதும் கடிதம் தாமதமான கடிதம். ஜனவரி, பிப்ரவரியில் எழுதினால் படிக்க ஆளிருக்கும். நாற்பது பக்கப் போர்ட்ஃபோலியோவை யாரும் திறப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். அதில் ஒன்றாவது கையால் அளந்து வரைந்ததாக இருக்கட்டும்: பாட்டி வீட்டுத் திண்ணையோ, ஊர்ச் சந்தையோ, பழைய ரயில்வே குவார்ட்டர்ஸோ. பளபளக்கும் முப்பரிமாணப் படத்தில் மாணவரை விட மென்பொருள்தான் அதிகம் தெரியும். அளந்து போட்ட படத்தில் டேப்பைப் பிடித்தவர் தெரிவார். அலுவலகம் கட்டிய ஒரு கட்டடத்தைப் பெயர் சொல்லி, அதில் எது பிடித்தது என்று இரண்டு வரி எழுதுகிறவருக்குப் பதில் வரும் வாய்ப்பு கூடும். கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களில் பலர் வெளியே சொந்தமாகத் தொழிலும் செய்கிறவர்கள். அவர்களிடம் நேரில் கேட்பது சிபாரிசு ஆகாது. வேலை கிடைத்த பிறகு கேட்கவேண்டியவற்றை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்: எத்தனை மணிக்கு முடியும், வாரத்தில் எத்தனை நாள் சைட், பயணப்படி உண்டா, உண்டென்றால் எவ்வளவு. கூச்சப்பட்டால் முதல் மாதக் கடைசியில் இன்னும் அதிகமாகக் கூச்சப்பட வேண்டியிருக்கும்.

மின்னஞ்சல் பட்டியலில் இல்லாத அலுவலகங்களைக் கண்டுபிடிக்க வழி தெருவிலேயே இருக்கிறது. பாதி எழும்பிய வீடுகளின் முன்னால், தகர வேலியில் ஒரு பலகை தொங்கும். ஆர்க்கிடெக்ட் பெயர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பெயர், கான்ட்ராக்டர் பெயர், அடியில் ஒரு கைபேசி எண். உள்ளே போய் மேஸ்திரியிடம், "அண்ணே, ஆர்க்கிடெக்ட் சார் எப்போ வருவாங்க?" என்று கேட்கலாம். செவ்வாய், வெள்ளி காலையில் என்பார். அல்லது எண்ணுக்கு அடிக்கலாம். பதினொரு மணிக்கு மேல் அடிப்பது நல்லது. அதற்கு முன் எடுத்தால் பின்னால் கலவை மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.